பந்தல் அவரை இரவை அளக்கிறது

போடிநாயக்கனூரிலிருந்து வாசகி ஒருவர் தன் காய்கறி நோட்டின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் எடுப்புக்கு எடுப்பு பச்சைக்காயை எடைபோட்டு எழுதுவதைப் பார்த்து, இவரும் கொல்லையில் பறித்ததையெல்லாம் கிராம் கணக்கில் எழுதிவருகிறார். தையில் ஊன்றிய பந்தல் அவரை மாதக்கணக்கில் வெறும் கொடியாக ஓடியது. அதுவும் ஆடியில் ஊன்றிய கொடியும் ஒரே கார்த்திகையில்தான் பூத்தன. ‘பூ பிடிக்க டானிக் தெளிக்கலாமா?’ என்று கேட்கிறார்.

வேண்டாம். கொடிக்குச் சத்துக் குறைவில்லை. அது இரவு நீள்வதற்காகக் காத்திருந்தது. தெளிக்கிற எந்தப் பாட்டிலும் இரவை நீட்டாது.

பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்துக் காட்டினார்கள். செடி அளப்பது பகலை அல்ல, தொடர்ந்த இருட்டை என்பதை 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையில் கண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

அளக்கும் விதம்தான் அழகு. இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. பகல் வெளிச்சம் அதை ஒரு வடிவத்துக்கு மாற்றும். இருட்டில் அது மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இலைக்குள் ஓடும் உயிர்க்கடிகாரமும் இதனுடன் சேர்ந்து, இரவு போதிய அளவு நீண்டதா என்று பார்க்கிறது. நீண்டிருந்தால் இலை ஒரு புரதத்தைச் செய்து கொடியின் நுனிக்கு அனுப்பும். அங்கே தளிருக்குப் பதில் மொட்டு வரும்.

பாலுக்கு உறை ஊற்றி வைப்பது போலத்தான். அந்தியில் ஊற்றினால் விடியும்வரை பாத்திரம் அசையக்கூடாது. நடுச்சாமத்தில் யாராவது மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் தயிர் தோயாது. அவரையின் இரவில் அந்தக் கரண்டி, வெளிச்சம். வாசகியின் நோட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: ‘தெருவிளக்குப் பக்கம் பூ இல்லை.’ தயிர் கலைந்த இடம் அதுதான்.

போடி இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரி வடக்கே. டெல்லியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. போடியில் ஏறக்குறைய எழுபது நிமிடம்தான். மேற்கு மலை வெயிலைச் சீக்கிரம் மறைத்தாலும் வானத்தில் வெளிச்சம் நிற்கும். நம் கண்ணுக்குப் பிடிபடாத இந்த எழுபது நிமிட வித்தியாசத்தை ஒரு கொடி கண்டுகொள்கிறது.

அடுத்த பட்டத்தைத் திட்டமிட எடைக் கணக்கு மட்டும் போதாது. நோட்டுக்குப் பதில் செயலியில் எழுதினாலும் அப்படித்தான். ஒவ்வொரு காய்க்கும் விதைத்த தேதி, முதல் பூ கண்ட தேதி என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். வெண்டை, தக்காளியில் இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் பெரிதாக மாறாது. அவை நாளை எண்ணும் செடிகள், தவணை தவணையாக விதைக்கலாம். பந்தல் அவரையில் இடைவெளி மாறும், பூக்கும் மாதம் மாறாது. ஆடியில் ஊன்றினால் இரவு நீள்வதற்குள் கொடி பந்தலை நிறைத்துவிடும். ஐப்பசியில் ஊன்றினால் சின்னக் கொடியிலேயே பூ வந்து, காய் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

தையில் அந்தப் பந்தலைப் பீர்க்குக்கும் புடலைக்கும் கொடுங்கள். அப்போதும் அவரை வேண்டுமென்றால், இரவைப் பார்க்காமல் காய்க்கும் குத்து அவரை ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. பந்தல் அவரை விதையை ஆடிவரை எடுத்து வையுங்கள். தெருவிளக்கு படாத மூலையில் ஊன்றுங்கள்.