மாதத்துக்கு 28 நாள்தான்! ரீசார்ஜ் கணக்கில் திணறும் சென்னை

12 மாதத்துக்கு 13 தடவை பணம். மிச்சம் பிடிக்க வழி உண்டா?

சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த பெயிண்டர் ஒருவருக்கு, ஒரே ஒரு ரீசார்ஜ் தவறியதால் போன கூலி 1,800 ரூபாய்!

நடந்தது இதுதான்:-

வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி ராத்திரி 8 மணிக்கு மேல்தான் போன் போடுவார். "நாளைக்கு அண்ணா நகர்ல வேலை, காலைல வந்துடு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் போன் வந்தால் மறுநாள் வேலை. வராவிட்டால் வீட்டுத் திண்ணை.

பெயிண்டரின் 'பிளான்' முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த நேரம். மகளுக்கு நோட்டு வாங்க வேண்டியிருந்தது. 'நாம்தானே யாரையும் கூப்பிட முடியாது, நம்மைக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டுமே' என்று விட்டுவிட்டார். ஆனால் கம்பெனிக்காரர்கள் இன்கமிங்கையும் நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி இரண்டு ராத்திரி கூப்பிட்டுப் பார்த்தார். 'சேவையில் இல்லை' என்ற பெண் குரல்தான் கேட்டது. வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் வேலை, நாளுக்கு 900 ரூபாய், போயே போய்விட்டது.

"299 ரூபா மிச்சம் பண்ணலாம்னு பார்த்தேன் சார். ஆயிரத்து எட்நூறு பூட்ச்சு. வீட்ல இன்னும் திட்டிக்கினு இருக்காங்க" என்கிறார் அவர், தலையைச் சொறிந்தபடி.

ஒரு காலத்தில் செல்போன் என்றால் பந்தா. இப்போது அரிசி, பருப்பு, கரண்டு பில் மாதிரி அதுவும் ஒரு செலவு. சில வீடுகளில் கரண்டு பில்லை விட இதுதான் அதிகம்!

வரும் போனுக்கும் காசு

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31-ந்தேதி. கல்கத்தாவில் இருந்து முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்த நாளில் கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. மணி அடித்தால் எடுப்பதற்கே பயப்படுவார்கள். 2003 மே 1-ந்தேதிதான் இன்கமிங் இலவசம் ஆனது. 2005 கடைசியில் 999 ரூபாய்க்கு 'லைப்டைம்' கார்டு வந்தது. ஒரு தடவை கட்டினால் போதும், ஆயுசுக்கும் இன்கமிங் வரும் என்றார்கள். ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

ஆயுசு எத்தனை நாள் தெரியுமா? 2018 கடைசி வரைதான்! அந்தச் சமயத்தில்தான் 'மாதா மாதம் குறைந்தது 35 ரூபாயாவது போடு, இல்லாவிட்டால் போன் கிடையாது' என்று கம்பெனிகள் ஆரம்பித்தன.

அந்த 35 ரூபாய் படி ஏறிய கதை தனி. ஏர்டெல்லில் மட்டும் பார்த்தால், 2021 ஜூலையில் அது 79 ரூபாய். அதே வருஷம் நவம்பரில் 99. 2024 ஜூலையில் 199! அதாவது ஆறு வருஷத்துக்குள் ஐந்து மடங்குக்கு மேல். மற்றக் கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. அதே 2024 ஜூலையில் ஜியோவின் 155 ரூபாய் பிளான் 189 ஆனது. தினம் ஒன்றரை ஜி.பி. கொடுக்கும் 239 ரூபாய் பிளான் 299 ஆனது. தினம் ஒரு ஜி.பி. கொடுத்த 249 ரூபாய் பிளான்களை 2025 ஆகஸ்டில் ஜியோவும் ஏர்டெல்லும் எடுத்தே விட்டன.

இதைத் தட்டிக் கேட்க ஆள் இல்லையா என்றால், 'டிராய்' என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. ஆனால் விலையை வைக்கும் உரிமையைக் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது.

13-வது மாதம்!

தங்கசாலை பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்கிறார். 10 ரூபாய் டாப்-அப் கார்டைச் சுரண்டி நம்பர் போட்ட காலத்தில் இருந்து கடை நடத்துகிறார். 2018-ல் ஏர்செல் கம்பெனி படுத்தபோது நம்பர் மாற்ற வந்த கூட்டம், கடை வாசலில் இருந்து தெருமுனை வரை நின்றதாம். இப்போது ஈ ஓட்டுகிறார். நூறு ரூபாய்க்கு இரண்டு, மூன்று ரூபாய்தான் கமிஷன். அதிலும் பாதிப்பேர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

அவர் கூறியதாவது:-

"மாசம் 299-ன்னு நினைச்சிக்கினு இருக்காங்க. மாசம் ஏது? 28 நாளு! வருஷத்துக்கு 13 தடவை வந்து நிப்பாங்க. போன மாசம் 10-ந்தேதி போட்டேனே, அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சான்னு என்னாண்ட சண்டைக்கு வருவாங்க. நான் இன்னா பண்றது?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். 299 ரூபாயை 13 தடவை கட்டினால் வருஷத்துக்கு 3,887 ரூபாய். அப்பா, அம்மா, பாட்டி, காலேஜ் பையன் என்று நாலு பேர் இருக்கும் வீட்டில் 15,548 ரூபாய்! குமாஸ்தா வீட்டுக்கு இது தீபாவளிச் செலவு.

இந்த 28 நாள் வித்தை பற்றிப் புகார் போய், 2022 ஜனவரியில் டிராய் ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றாவது வைக்கவேண்டும். மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் ஒன்று வேண்டும். வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விலையையும் அதற்கேற்ப வைத்துவிட்டார்கள். 2024 ஜூலை விலைப்படி ஜியோவில் அந்த மாதப் பிளான் 319 ரூபாய். தேதி மறக்காமல் இருப்பதற்கு உதவும். சம்பளத் தேதியோடு சேர்த்துக்கொள்ளலாம். மிச்சம் என்று பெரிதாக இல்லை.

பட்டன் போனுக்கு எதற்கு இன்டர்நெட்?

மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கும் ஒரு பாட்டிம்மா. கையில் பட்டன் போன். பூ மொத்த வியாபாரியோடு பேச, செங்கல்பட்டில் இருக்கும் மகளோடு பேச. வேறு எதற்கும் இல்லை. பேரன் 28 நாளைக்கு ஒரு தடவை 349 ரூபாய் போட்டு வந்தான். தினம் ஒன்றரை ஜி.பி. இன்டர்நெட்! அந்தப் போனில் படமே தெரியாது. பாட்டி காசில் கம்பெனிக்குத் தர்மம்!

"எனுக்கு இன்னா தெரியும் கண்ணு, எப்பவும் போடறதையே போடுன்னு சொல்லுவேன்" என்கிறார் பாட்டி.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2024 டிசம்பரில் டிராய் இன்னொரு உத்தரவு போட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்டர்நெட் இல்லாத பிளான் தனியாகக் கொடு என்று. 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. முதலில் 499 ரூபாய் வைத்த ஏர்டெல், விலைகளைப் பரிசீலிப்போம் என்று டிராய் சொன்னதும் சில நாளிலேயே 469 ஆக்கியது. ஜியோ 458 ரூபாயை 448 ஆக்கியது. வோடபோன் ஐடியாவில் 470. எல்லாமே 84 நாளுக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

பாட்டியின் கணக்கு இப்படி: 349 ரூபாய் மூன்று தடவை போட்டால் 1,047. அதே 84 நாளுக்கு 469. மிச்சம் 578 ரூபாய்! பேரனுக்குக் கடைக்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்த பிளான்களை யாரும் போஸ்டர் ஒட்டி விளம்பரம் செய்வதில்லை. கம்பெனி 'ஆப்'பில் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால்தான் கண்ணில் படும். கடையில் வாய்விட்டுக் கேட்டால் போடுவார்கள்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 2025 ஜனவரி விலையில் ஏர்டெல்லின் ஒரு வருஷப் பேச்சு பிளான் 1,849 ரூபாய். அதற்கு முன்பு 24 ஜி.பி. இன்டர்நெட்டும் சேர்த்த ஒரு வருஷப் பிளானே 1,999 தான். வித்தியாசம் 150 ரூபாய்தான். ஜி.பி. வேண்டாம் என்று சொன்னால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எண்ணியவர்கள் ஏமாந்துதான் போனார்கள்.

கையில் பணம் இருந்தால்...

பாரிமுனையில் ஒரு தனியார் ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் நாலு போன். நாலும் 299 ரூபாய். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேரையும் 448 ரூபாய் பேச்சு பிளானுக்கு மாற்றினார். தனக்கும் பையனுக்கும் 84 நாளுக்கு 799 ரூபாய் பிளான். தினம் அதே ஒன்றரை ஜி.பி.தான். பழைய வழியில் 336 நாளுக்கு 14,352 ரூபாய் ஆகும். புது வழியில் 9,976. மிச்சம் 4,376 ரூபாய்!

"இத்தனை வருஷம் இதைப் பார்க்காம இருந்துட்டோமேன்னு வயிறு எரிஞ்சுது சார்" என்றார்.

வீட்டுக்கு கேபிள் இன்டர்நெட் போட்டுவிட்டு போன் பிளானைக் குறைத்தால் என்ன என்றும் யோசித்தாராம். 399 ரூபாய் என்பார்கள், 18 சதவீத வரியோடு 471 ஆகும். போன் ரீசார்ஜில் வரி விலைக்குள்ளேயே அடக்கம். இதில் மேலே போடுவார்கள். அதோடு நாலு போனுக்கும் எப்படியும் ஏதாவது கட்டத்தான் வேண்டும். கூட்டிப் பார்த்தால் பழைய செலவுக்கே வந்து நின்றது. பையன் ராத்திரி பகலாகப் பாடம் பார்ப்பவனாக இருந்தால் சரி. மிச்சத்துக்காக என்றால் வேண்டாம்.

ஆனால் 799 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க எல்லோராலும் முடியுமா? குமாஸ்தாவுக்கு முடிந்தது. அவருக்கு இன்டர்நெட்டோடு போன் நாளுக்கு ஒன்பதரை ரூபாய். தினக்கூலிக்காரர் 299, 299-ஆகத்தான் கட்டுவார். அவருக்கு அதே சரக்கு நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. மூட்டையாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, கால் கிலோ வாங்குகிறவனுக்கு ஒரு விலை!

கம்பெனி மாறலாமா?

2024 ஜூலையில் விலை ஏறியபோது ஜனங்கள் கோபத்தில் பி.எஸ்.என்.எல். பக்கம் ஓடினார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் அதற்குப் புதிதாகச் சுமார் 29 லட்சம் பேர் சேர்ந்தார்கள். மூன்று தனியார் கம்பெனிகளுக்கும் ஆள் குறைந்தது. ஆனால் சில மாதத்திலேயே பி.எஸ்.என்.எல்.லில் இருந்தும் ஆள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். விலை குறைவு, டவர் இல்லையே என்பது புகார். 2025 செப்டம்பர் 27-ந்தேதி அதன் 4-ஜி சேவையைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார்.

மாறுவதற்கு முன்னால், அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி, உங்கள் வீட்டு உள் அறையில் நின்று பேசிப் பாருங்கள். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது சுலபம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவேண்டும். ஒரு கோடு வரும். அதற்கு ஆயுசு 4 நாள். அதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் சிம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். ரீசார்ஜ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். போவதைத் தடுக்கக்கூடாது என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு இருக்கிறது. பழைய பிளானில் மீதி இருக்கும் நாள் அம்போதான். அதனால் பிளான் முடிகிற வாரத்தில் மாறுவது புத்திசாலித்தனம்.

சில்லறை விஷயம் ஒன்று. பணம் அனுப்பும் 'ஆப்'கள் சிலவற்றில் ரீசார்ஜ் செய்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கட்டணம் என்று பிடிக்கிறார்கள். தங்கசாலைக் கடைக்காரர் பைசா கூடப் பிடிப்பதில்லை. "என்னாண்ட வராம அங்க போய் துட்டு கூட குடுக்கறாங்க பாருங்க" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

வியாசர்பாடி பெயிண்டர் இப்போது என்ன பிளான் போட்டிருக்கிறார்? பேச்சு பிளானே போதும் என்றுதான் கடைக்குப் போனார். கடைக்காரர் எடுத்துப் போடும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மேஸ்திரி வேலை இடத்தை வாட்ஸ்-அப்பில் 'லொகேஷன்' அனுப்புகிறார்! இன்டர்நெட் இல்லாவிட்டால் அண்ணா நகரில் எந்தத் தெரு என்று எப்படித் தெரியும்? கடைசியில் இரண்டு ஜி.பி.யோடு 189 ரூபாய் பிளான் போட்டுக்கொண்டார். வீட்டில் இன்டர்நெட்டை அணைத்தே வைக்கிறார். காலையில் பஸ் ஏறும்போது மட்டும் போடுகிறார். வீடியோ கிடையாது.

பிளான் முடிகிற தேதியை வீட்டுக் காலண்டரில் மகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.