சம்பிகே ரோட்டில் செண்பகம் எங்கே?



லீவுக்கு பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவ்வளவு பெரிய ஊருக்கு நடுவில் தெருவெல்லாம் மரநிழல்! "யார் சித்தப்பா இவ்ளோ மரம் வச்சது?" என்றேன். "எல்லாம் பிளேக் வந்ததாலதான்" என்றார். எனக்குத் திக்கென்றது.

1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. பழைய பேட்டையில் நெருக்கமான வீடுகள், இருட்டுச் சந்துகள். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று அப்போது பலருக்குத் தெரியாது. கெட்ட காற்று என்றே பயந்தார்கள். அதனால் மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற புதுப் பகுதிகளில் மக்கள் குடியேறினார்கள். நேரான அகலத் தெரு, வீட்டைச் சுற்றிக் காலியிடம், பின்னால் துப்புரவுக்கென்று தனிச் சந்து. காற்றுக்கு விட்ட இடத்தில் மரம் வளர்ந்துவிட்டது!

பெயர் அதைவிடப் பழசு. 17-ஆம் நூற்றாண்டின் காடு மல்லேஸ்வரர் கோயிலால் வந்தது. (கன்னடத்திலும் காடு என்றால் காடுதான்!) மார்கோசா ரோடு என்றால் வேப்பமரத் தெரு. சம்பிகே என்றால் செண்பகம். சம்பிகே ரோட்டில் தேடித் தேடிப் பார்த்தேன், கடைகள்தான். ஒரு செண்பகம்கூட என் கண்ணில் படவில்லை.

நம்ம குருபரப்பள்ளியிலும் கம்பெனிகள் வர வர மனை போடுகிறார்கள். எங்க வீட்டுக்கு எதிரே புதுசா நட்ட கற்களை எண்ணினேன், 46. மரத்துக்கு ஒரு குழிகூட இல்லை.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு