ஈறும் பல்லும்

பல்வலியை ஓர் இரவேனும் அனுபவித்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைக் கடித்தபடி, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, பொழுது எப்போது விடியும், பல் வைத்தியர் எப்போது கதவைத் திறப்பார் என்று காத்திருந்த அந்த ராத்திரி ஆயுள் முழுவதும் நினைவில் நிற்கும். வலி அவ்விதம் விரட்டுவதனால்தான் சொத்தைப் பல்லுக்கு நாம் சிகிச்சை தேடுகிறோம். ஆனால் நடுவயதைக் கடந்தவர்கள் பற்களை இழப்பதற்கு முக்கிய காரணமாயிருக்கும் ஈறு வியாதியோ, வலி என்னும் முன்னறிவிப்பு அநேகமாக இல்லாமலே, ஆண்டுக்கணக்கில் மெள்ள மெள்ள விருத்தியாகிறது. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய நீரில் இளஞ்சிவப்பாக ஓர் இழை ஓடுவதைப் பார்த்ததும், "உடம்புச் சூடு" என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அந்தச் சிவப்பு இழைக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. அது ஈற்றுத் தசை புண்பட்டிருப்பதன் அடையாளம்.

பல்லின் வேர் தாடை எலும்பிலுள்ள குழியில், நுண்ணிய நார்களால் கட்டப்பட்டு நிற்கிறது; அந்தக் கட்டுமானத்தைப் போர்த்துக் காப்பது ஈறு. ஆரோக்கியமான வாயில் ஈறின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள சந்து பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இராது. அங்கே கிருமிகள் கூடிப் படலமாகப் படிகின்றன. துலக்கி எடுக்காமல் விட்டால், குடத்தின் உட்புறத்தில் உப்புநீர் காரை கட்டுவது போல, உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்து சேர்ந்து அப்படலம் கல்லாக இறுகிவிடுகிறது. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் இந்த முதல் நிலையில் வியாதியை முற்றிலும் போக்கிவிடலாம். இதைக் கடந்து சந்து ஆழ்ந்து பையாகிவிட்டால், கிருமிகளோடு போரிட வரும் நம் சரீரத்தின் காவற்படையே அந்தப் போரில் பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. பயோரியா என்று பழைய தலைமுறையினர் சொல்லிவந்தது இதைத்தான். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

இந்த முதல் நிலையை 1965ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞரும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் மிக எளிய பரீட்சை ஒன்றினால் நிரூபித்தார்கள். ஆரோக்கியமான ஈறுகளையுடைய பன்னிருவரைப் பல் துலக்குவதை நிறுத்திவைக்கச் செய்தார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில தினங்களில் வீக்கம் வடிந்தது. அதே லோ, பிற்பாடு இலங்கையின் மலையகத்தில், பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் அறியாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரை 1970 முதல் பதினைந்து ஆண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு வியாதி ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது; எண்பத்தொருவருக்கு மெதுவாக முற்றியது; எஞ்சிய எட்டுப்பேரோ, இருபது வயதிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்து வயதுக்குள் வாய் முழுவதும் பொக்கையாயினர். துலக்காத பாட்டனார் எண்பது வயதிலும் கரும்பு கடித்தார் என்று வாதிடுபவர்களுக்கு இதில் விடை இருக்கிறது: அப்பாட்டனார் அந்தப் பதினொருவரில் ஒருவர்; நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பல் ஆடத் தொடங்கும்வரை நமக்குத் தெரியப்போவதில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வியாதி எளிதில் முற்றுகிறது. முற்றிய ஈறு வியாதியோ இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்குவதைக் கடினமாக்குகிறது. புகை பிடிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், இரத்தம் கசியும் அந்த ஓர் அடையாளமும் அவர்களுக்கு மறைந்துபோகிறது.

பரிகாரமோ செலவற்றது. மிருதுவான பிரஷ்ஷினால், ஈறும் பல்லும் சேரும் விளிம்பை நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடித்து, காலையும் இரவும் இரண்டு நிமிஷம் துலக்குவதும், பல்லிடுக்குகளை அதற்கென்று உள்ள நூலாலோ சிறு பிரஷ்ஷாலோ சுத்தம் செய்வதும் போதும். செங்கற்பொடியும் உமிக்கரியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடுமேயன்றி, சந்துக்குள் இருப்பதை எடுக்கமாட்டா. காரை கட்டிவிட்டதை வைத்தியர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். "க்ளீன் பண்ணினால் பல் ஆட்டங்கண்டுவிடும்" என்று அஞ்சி அதைத் தள்ளிப்போடுபவர் அநேகர். உண்மையில் பல்லை ஆட்டியது வியாதி. எலும்பு கரைந்த பல்லுக்கு அந்தக் காரையே முட்டுக்கொடுத்திருந்ததால், அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது.

இனி, போன பல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைவாயில் ஒன்று போனால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாய்கிறது, எதிர்வரிசைப் பல் அதற்குள் இறங்குகிறது, வேலையற்றுப்போன எலும்பு க்ஷீணிக்கிறது. என் பெரியப்பா தம்முடைய பல் செட்டை இரவில் கழற்றி, குளியலறை மாடத்திலிருந்த எவர்சில்வர் டம்ளர் நீரில் போட்டுவைப்பார்; முதல் சில வருஷங்கள் கச்சிதமாகப் பொருந்திய அந்தச் செட்டு, தாடை எலும்பு சுருங்கச் சுருங்கத் தளர்ந்து, கடைசியில் அவர் சிரிக்கும்போது கீழே விழாதபடி நாக்கால் தாங்கிக்கொள்ளவேண்டியதாயிற்று. அதில் வைத்தியரின் பிழை இல்லை. ஈறின்மேல் உட்காரும் செட்டுகளின் சுபாவம் அது. சில ஆண்டுகளுக்கொருமுறை அதைத் திருத்திக்கொள்வது அவசியம். ஆயினும் சொற்பச் செலவில் சோறு மெல்லவும் முகம் குழி விழாமலிருக்கவும் உதவுவது செட்டுதான். அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் அதைக் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம்.

ஒன்றிரண்டு பற்கள் மட்டும் போனவர்களுக்குப் பிரிட்ஜ் கட்டுவதுண்டு; கழற்றும் தொல்லை இல்லை, ஆனால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்கித் தூண்களாக்க வேண்டும். அந்தக் குறையும் இல்லாத உபாயம் இம்ப்ளாண்ட். ஸ்வீடன் தேசத்துப் பிரேனிமார்க் என்னும் அறிஞர், 1950களில் முயலின் காலெலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துவந்தார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனோடு ஒட்டிப்போய்விட்டதைக் கண்டார். அந்தத் தற்செயலான அனுபவமே 1965இல் பல்லற்ற ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களாக ஊன்றப்பெற்றது. இன்றும் முறை அதுவே: எலும்பில் திருகாணி ஒன்றைப் பதித்து, அது எலும்போடு இறுகச் சில மாதங்கள் காத்திருந்து, அதன்மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். ஊன்றுவதற்குப் போதிய எலும்பு வேண்டும், நீரிழிவு அடக்கத்தில் இருக்கவேண்டும், புகையை விடவேண்டும், பணமும் கணிசமாக வேண்டும்.

ஆனால், அவ்வளவு செலவழித்து ஊன்றிய டைட்டானிய வேருக்குச் சொத்தை வராதே தவிர, அதைச் சுற்றியுள்ள ஈறுக்கும் எலும்புக்கும் அதே கிருமிகளால் அதே வியாதி வரக்கூடும். செட்டும் பிரிட்ஜும் இம்ப்ளாண்டும், ஈறும் எலும்பும் தாங்கும்வரைதான். ஆகவே, நாளைக் காலை வாய் கொப்பளிக்கும்போது துப்பிய நீரை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அதில் சிவப்பு ஓடினால், மோர் இருக்கட்டும், முதலில் பல் வைத்தியரிடம் போங்கள்.