ஓட்டை போட்ட புத்தகம்!

பேப்பரில் வட்டமாக ஓட்டை போடும் 'பஞ்சிங் மெஷின்' உங்கள் பள்ளி ஆபீசில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கையில் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? 'டக், டக்' என்று கண்ட பேப்பரில் எல்லாம் ஓட்டை போட்டு, கீழே விழும் பொட்டுகளைப் பக்கத்தில் இருப்பவன் தலையில் தூவுவோம்!

அமெரிக்காவில் ஒருவர், ஒரு நாள் இப்படித்தான் விளையாட்டாக ஒரு பேப்பர் கட்டில் ஓட்டை போட்டார். அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புத்தகம் வெளியே வந்தது. 60க்கும் மேற்பட்ட மொழிகளில், 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் புத்தகம்!

அவர் பெயர் எரிக் கார்ல். குழந்தைகளுக்கான படக் கதைகளை அவரே எழுதி, அவரே படமும் போட்டவர். 70க்கும் அதிகமான புத்தகங்களுக்குச் சொந்தக்காரர். 2021ம் ஆண்டு, மே 23ம் தேதி, தன் 91வது வயதில் காலமானார்.

ஓட்டையைப் பார்த்ததும் கார்லுக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'இது புத்தகத்தை அரித்துத் தின்னும் புழு போட்ட ஓட்டை மாதிரி இருக்கிறதே!' உடனே, 'வில்லி' என்ற புழு ஒரு வாரம் முழுக்கத் தின்று கொண்டே போவதாகக் கதை பண்ணினார். கதையைப் படித்த பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் அம்மையாருக்கு எல்லாம் பிடித்திருந்தது, அந்தப் புழுவைத் தவிர. மண்புழு மாதிரி ஒன்றை எந்தக் குழந்தை கொஞ்சும்? கம்பளிப்புழுவாக மாற்றினால் என்ன என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கார்லுக்கு முடிவு கிடைத்துவிட்டது... பட்டாம்பூச்சி!

இப்படித்தான், 'பயங்கரப் பசிக்காரக் கம்பளிப்புழு' கதை 1969ல் வெளியானது. திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ் என்று வெள்ளி வரை பழமாகவே தின்கிறது புழு. சனிக்கிழமை வந்ததும், சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், தர்பூசணி என்று பத்து வகை ஐட்டங்களை உள்ளே தள்ளுகிறது. அப்புறம் என்ன... வயிற்று வலிதான்! தீபாவளி மறுநாள் நமக்கும் நடப்பதுதானே! ஒவ்வொரு பழத்தின் நடுவிலும் நிஜமாகவே ஓட்டை இருக்கும். விரலை நுழைத்துப் பார்க்கலாம். பக்கங்களும் ஒரே அளவில் இருக்காது. ஒரு பழத்துக்கு ஒல்லிப் பக்கம், ஐந்து பழத்துக்கு அகலப் பக்கம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஓட்டையும் வேண்டும், பக்கங்களும் ஏறுக்குமாறாக இருக்க வேண்டும் என்றால், அச்சுக்கூலி எங்கேயோ போய்விடும். கட்டுப்படியாகும் விலையில் அச்சடித்துத் தர அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை. பெனடூஸ் அம்மையார் விடவில்லை. ஜப்பானில் ஒரு அச்சகத்தைத் தேடிப் பிடித்தார். நல்ல கதை எழுதுவது பாதி வேலைதான் என்று புரிகிறதா? அதை விடாப்பிடியாகப் புத்தகம் ஆக்க இன்னொருவர் வேண்டும்.

பெரிய பேப்பர்... குட்டிப் பேப்பர்...

கார்ல் பிறந்தது, 1929ம் ஆண்டு ஜூன் 25ல், அமெரிக்காவில் உள்ள சிராக்யூஸ் நகரில். அப்பா, அம்மா இருவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். முதலில் அவர் போன பள்ளியில், வெயில் கொட்டும் பெரிய அறை, பெரிய பெரிய காகிதங்கள், தடித்த பிரஷ், பளிச் வண்ணங்கள். குஷியோ குஷி!

அம்மாவுக்கோ சொந்த ஊர் ஏக்கம். கார்லுக்கு ஆறு வயதானபோது, குடும்பமே ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட் நகருக்குத் திரும்பியது. அங்கே ஆட்சியில் இருந்தவர் ஹிட்லர். புதுப் பள்ளியில், குட்டியாக ஒரு காகிதம், கூரான பென்சில், ஒரு ஸ்கேல் கொடுத்தனர். தப்பு செய்தால், கையில் பிரம்படி. பெரியவன் ஆனதும் ஜெர்மனிக்கும், அமெரிக்காவுக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டும். பாட்டியின் கையைப் பிடித்து, அதன் மேல் நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்று சிறுவன் கார்ல் கனவு கண்டான். நடுவில் இருப்பது அட்லாண்டிக் கடல்! ஆறு வயதுக் கணக்கில் அது பெரிய தூரமா என்ன?

அவனுக்கு ஒரே ஆறுதல் அப்பாதான். மகனைக் காட்டுப் பக்கம் அழைத்துப் போவார். கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, அடியில் ஓடும் பூச்சிகளைக் காட்டி, அவை எப்படி வாழ்கின்றன என்று சொல்லிக் கொடுப்பார். பார்த்து முடித்ததும், அந்தப் பூச்சியை அதன் இடத்திலேயே பத்திரமாக விட்டுவிடுவார். பின்னாளில் கார்லின் புத்தகங்களில் புழு, சிலந்தி, சில்வண்டு, மின்மினி என்று பூச்சிக் கூட்டமே வந்ததற்கு, இந்தக் காட்டு நடைதான் காரணம்.

1939ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்பாவை ராணுவத்துக்கு அழைத்துப் போயினர். போர் முடிந்த பிறகும் அவர் வரவில்லை; ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார். 1947ல் திரும்பி வந்தபோது, அவரது எடை 40 கிலோகூட இல்லை. காட்டில் கல்லைப் புரட்டிய பழைய அப்பா அவருக்குள் இல்லை. மனமும், உடம்பும் ஒடிந்து போயிருந்தன. இதற்கிடையில் கார்லையும் போர் விட்டுவைக்கவில்லை. பதினைந்து வயதுப் பையனைப் பதுங்குகுழி வெட்ட எல்லைக்கு அனுப்பினர். உங்கள் அண்ணன் வயது!

ரகசியப் படங்கள்!

இந்த இருட்டுக் காலத்தில்தான் ஒரு சம்பவம் நடந்தது. கார்லின் ஓவிய ஆசிரியர் பெயர் க்ராவுஸ். அவர் ஒரு நாள் கார்லைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, ஒளித்து வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே, பிக்காசோ, மத்தீஸ், பிரான்ஸ் மார்க் போன்றவர்களின் ஓவியப் பிரதிகள்! ஹிட்லர் அரசு இத்தகைய ஓவியங்களை, 'சீரழிந்த கலை' என்று சொல்லி, அருங்காட்சியகங்களில் இருந்து பிடுங்கி எறிந்திருந்தது. ஒரு மாணவனிடம் இதைக் காட்டியது வெளியே தெரிந்தால், ஆசிரியர் கதி என்னவாகும்? தெரிந்தும் காட்டினார். யாரிடமும் சொல்லாதே என்றார்.

மரம் என்றால் பச்சை, குதிரை என்றால் பழுப்பு என்றே பார்த்துப் பழகிய பையன், அன்று நீலக் குதிரையைப் பார்த்தான். முதலில் அதிர்ச்சிதான். ஆனால், அந்த நிறங்கள் அவன் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

படிப்பை முடித்து, 1952ல் அமெரிக்கா திரும்பினார் கார்ல். பாக்கெட்டில் 40 டாலர், கையில் தன் ஓவியங்கள் அடங்கிய ஒரு பை. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அமெரிக்க ராணுவம் அவரைக் கட்டாயப் பணிக்கு அழைத்தது. எந்த நாட்டுக்கு அனுப்பினர் தெரியுமா? ஜெர்மனிக்கே! அங்கே அவருக்குத் தபால் பிரிக்கும் வேலை.

திரும்பி வந்து, பல ஆண்டுகள் விளம்பரங்களுக்குப் படம் போட்டார். அதில் ஒன்று, ஒரு சிவப்பு சிங்கி இறால். அந்த விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்த எழுத்தாளர் பில் மார்ட்டின், 'என் கதைக்குப் படம் போட இவர்தான் ஆள்' என்று தேடி வந்தார். 1967ல், பழுப்புக் கரடி பற்றிய புத்தகம் வந்தது. கார்லுக்குச் சிறு வயதுப் பள்ளியும், தடித்த பிரஷ்ஷும் ஞாபகம் வந்துவிட்டன. இனி விளம்பரம் போதும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 38. லேட்தான், அதனால் என்ன?

டிராயர் நிறைய வானவில்!

கார்லின் படங்களை உற்றுப் பார்த்தால், அவை நேரடியாக வரைந்தவை அல்ல என்பது தெரியும். எல்லாம் வெட்டி ஒட்டியவை! அவர் ஸ்டூடியோவில், படம் வரைவதற்கு முன்பே ஒரு பெரிய வேலை நடக்கும். மெல்லிய வெள்ளை டிஷ்யூ காகிதங்களில் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசுவார். பிரஷ்ஷால் மட்டும் அல்ல. விரலால், ஸ்பாஞ்சால், கம்பளத் துண்டால்கூட! ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி, ஒன்றில் அலை. காய்ந்ததும், சிவப்பு ஒரு டிராயரில், பச்சை ஒரு டிராயரில் என்று நிறவாரியாக அடுக்கி வைப்பார்.

புழுவுக்கு உடம்பு வேண்டுமா? பச்சை டிராயரைத் திறந்து, ஏற்ற காகிதத்தைத் தேடி எடுத்து, கத்தியால் வெட்டி, அட்டையில் பசையால் ஒட்டுவார். அதனால்தான் அவரது புழுவின் பச்சைக்குள் பத்துப் பச்சை இருக்கிறது!

இன்னொரு விஷயம். பெரும்பாலான படப் புத்தகங்களில் 32 பக்கங்கள்தான் இருக்கும். ஏன் தெரியுமா? ஒரு தாளை எடுத்து நான்கு முறை மடியுங்கள். மடிப்புகளை வெட்டிவிட்டு எண்ணுங்கள். 16 இதழ், இரண்டு புறமும் சேர்த்து 32 பக்கம்! பெரிய தாளில் அச்சடித்து மடிப்பதால் இந்தக் கணக்கு. இந்த 32க்குள் கதை தொடங்கி, ஓடி, முடிந்தாக வேண்டும். அதனால், படக்கதைக்காரர்கள் முதலில் 'டம்மி' என்ற மாதிரிப் புத்தகம் ஒன்றைத் தைத்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று கிறுக்கிப் பார்த்துக் கொள்வர். கம்பளிப்புழுக் கதையில் முந்நூறு சொற்கள்கூடக் கிடையாது. சொல் குறையக் குறைய வேலை கூடும்.

கார்ல் பக்கத்துக்குள் வேடிக்கை ஒளித்து வைப்பதில் கில்லாடி. 1984ல் வந்த சிலந்திக் கதையில், வலை மேடாகத் தூக்கி நிற்கும். பார்வை இல்லாத குழந்தைகளும் தடவிப் பார்க்கலாம். 1990ல் வந்த சில்வண்டுக் கதையில், கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் 'கிரீச்' சத்தம் கேட்கும். 1995ல் வந்த மின்மினிக் கதையில், விளக்குகளே எரியும்!

தப்பு கண்டுபிடித்தவர்கள்!

அவருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வரும். அதில் அடிக்கடி ஒரு புகார்... அதை நீங்களும் கண்டுபிடிக்கலாம். கார்லின் கம்பளிப்புழு, பட்டுக்கூடு மாதிரி ஒரு கூடு கட்டி, அதை ஓட்டை போட்டு வெளியே வருகிறது. ஆனால், கூடு பின்னுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். பட்டாம்பூச்சியின் புழு, தோலை உரித்துவிட்டு, வழவழப்பான கூட்டுப்புழுவாகத் தொங்கும். அறிவியல் தப்பாயிற்றே!

கார்ல் இரண்டு பதில் வைத்திருந்தார். ஒன்று, கூடு கட்டும் பட்டாம்பூச்சி இனமும் இருக்கிறது. 'பார்னாசியன்' என்று பெயர். இரண்டாவது, சின்ன வயதில் அவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தால், கூட்டை விட்டு வெளியே வா என்றுதான் அப்பா எழுப்புவாராம். அந்தச் சொல்லை அவர் மாற்ற விரும்பவில்லை. உங்கள் அறிவியல் டீச்சர் இதற்கு மார்க் போடுவாரா என்று தெரியாது. நான் போடுவேன்!

2002ல், மனைவி பார்பராவுடன் சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். படப் புத்தக ஓவியங்களுக்கு என்றே ஒரு அருங்காட்சியகம்!

2011ல், அவருக்கு 82 வயது. அந்த ஆண்டு, நீலக் குதிரை வரைந்த ஓவியர் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் சிங்கம் பச்சை, மாடு மஞ்சள், யானை ஆரஞ்சு! பிரான்ஸ் மார்க் தன் நீலக் குதிரையை வரைந்து, அப்போது சரியாக 100 ஆண்டு ஆகியிருந்தது. க்ராவுஸ் ரகசியமாகத் திறந்த பெட்டி, 70 ஆண்டுக்குப் பிறகு உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

செய்து பாருங்கள்!

கார்ல் மாதிரி ஒரு படம் செய்வோமா? பட்டம் செய்யும் மெல்லிய வெள்ளைக் காகிதம் நாலைந்து வாங்குங்கள். அடியில் பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வண்ணம் பூசுங்கள். அக்ரிலிக் வண்ணம்தான் நல்லது. போஸ்டர் கலர் என்றால், பசையின் ஈரம் பட்டதும் கரைந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே, சீப்பால் இழுத்தும், பழைய ஸ்பாஞ்சால் ஒற்றியும் கோலம் போடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள், வேண்டிய வடிவத்தில் கத்தரித்து, மைதா பசையை மெல்லிசாகத் தடவி, அட்டையில் ஒட்டுங்கள். மிச்சத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறவாரியாகப் பழைய நோட்டில் செருகி வையுங்கள். அடுத்த படத்தில், புழுவுக்குக் கண் வைக்க உதவும்!