கூலிங் மட்டும் போதுமா?

டாஸ்மாக் ஜன்னலில் பீர் வாங்குபவர் தரம் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கூலிங் இருக்கா?" கொமரலிங்கத்துச் சித்திரை வெயிலில் அது நியாயமான கேள்வி. ஆனால் பனியன் ஆர்டர் விஷயமாக லண்டன் போய் வருபவர் பெட்டியில் வந்திறங்கும் ஏல் பாட்டிலுக்கு அது ஒத்துவராது.

நாம் பழகிய பீர் லாகர். குளிரில் நிதானமாகப் புளிக்கவைத்தது. ஏல் அப்படியல்ல. ஏறக்குறைய 15 முதல் 24 டிகிரி வரையிலான சூட்டில் புளிப்பதால், அதன் ஈஸ்ட் பழவாசனை தரும் எஸ்டர்களை அதிகமாக உண்டாக்குகிறது. ஐஸ் குளிர்ச்சி அந்த வாசனையை அமுக்கிவிடும். இங்கிலாந்தில் ஏல் ஊற்றித் தருவது நிலவறைச் சூட்டில், சுமார் 12 டிகிரியில். நம் வீட்டு அறையோ 35 டிகிரி. எனவே ஃபிரிட்ஜில் வைத்து, குடிப்பதற்குச் சற்று முன்பு வெளியே எடுத்துவைத்தால் போதும்.

'வொர்திங்டன்ஸ் ஒயிட் ஷீல்ட்', 'ஃபுல்லர்ஸ் 1845' போன்ற சில வகைகள் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்டோடு அடைக்கப்பட்டவை. அடியில் வண்டல் இருக்கும். பாட்டிலை நிமிர்த்தியே வைத்திருந்து, ஒரே சாய்ப்பில் மெதுவாக ஊற்றி, கடைசி விரற்கடையை விட்டுவிட வேண்டும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலாக இருந்தால் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்து சிதைந்து நாற்றமெடுக்கும்.

இனி மார்க். உலகெங்கும் பீர் போட்டிகளில் புழங்கும் பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாள் 50-க்கு: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. திருப்பூர் கம்பெனிகளில் செக்கிங் பார்ப்பவர் தையல், கறை, அளவு என்று தனித்தனியாகப் பார்ப்பது போலத்தான் இதுவும். மொத்தமாக "நல்லாருக்கு" என்றால் எதுவும் தெரியாது. நிறத்துக்கு மயங்குகிறவர்கள் கவனிக்க: அழகுக்கு வெறும் மூன்றே மார்க்.

அந்தந்த வகைக்குரிய அளவுகோலும் முக்கியம். இந்தியா பேல் ஏலில் கசப்பைக் குறையாக எழுதக் கூடாது. லண்டன் ஹாட்சனும், 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் நிறுவனங்களும் கப்பலேற்றிய அந்த வகை, ஆப்பிரிக்க முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணித்து மெட்ராஸ், கல்கத்தா வந்து சேர வேண்டியிருந்தது. வழியில் கெடாமல் காத்தது கூடுதலாகச் சேர்த்த ஹாப்ஸ். அதே கசப்பு ஸ்டவுட்டில் பின்வாங்கி, வறுத்த தானிய வாசனைக்கு வழிவிட வேண்டும். நுவரெலியாவில் 1881-இல் தொடங்கிய மதுவடிசாலையின் பரம்பரையில் வந்த 'லயன் ஸ்டவுட்' அதற்கு நல்ல பாடம். ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் மெச்சியது அது. எட்டு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்பதால், ஒரு பாட்டிலை மூவர் பகிர்ந்தாலே தாராளம்.

ருசி பார்க்க உட்காரும்போது ஒரே நிபந்தனை: எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுபவரின் நாக்குதான் மற்றவர்களுக்கும் மார்க் போடும். பிறகு தாள்களை ஒப்பிடுங்கள். ஒருவர் 28, இன்னொருவர் 37 என்றால், எந்தக் கட்டத்தில் பிரிந்தார்கள் என்று பார்த்து, அந்த ஒரு விஷயத்துக்காக இன்னொரு வாய் சுவையுங்கள். கூட்டிய மார்க்கைவிட அந்த வித்தியாசம்தான் அதிகம் கற்றுத்தரும்.