தாதுவுக்கும் களிம்பு ஏறும்!

குற்றாலத்தில் சாரல் காலத்தில் உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. நீர் மாசுபடுவதைத் தடுக்க இப்போது அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை உண்டு. எனினும் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் நீங்களே ஒன்றைக் கவனிக்கலாம். எண்ணெய் பூசிய தோளில் நீர் பரவி ஒட்டுவதில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிடுகிறது. சீயக்காய் தேய்த்து எண்ணெயைப் போக்கிய பிறகோ, அதே தோளில் நீர் மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. தோள் மாறவில்லை, தோளின் மேலிருந்த மிக மெல்லிய படலம்தான் மாறிற்று.

வேடிக்கை என்னவென்றால், உலகில் கிடைக்கும் தாமிரத்தின் பெரும்பகுதி இந்தச் சிறிய உண்மையைப் பயன்படுத்தித்தான் கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது!

நூறு கிலோ கல்லில் ஒரு கிலோ

குற்றால மலையில் தாமிரச் சுரங்கம் எதுவும் இல்லை. தாமிரத்தைத் தேடி நாம் மத்தியப் பிரதேசத்தின் பாலகாட் மாவட்டத்திலுள்ள மலஞ்சகண்ட் என்னும் ஊருக்குப் போக வேண்டும். ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1982 முதல் அங்கே தாமிரத் தாது வெட்டி வருகிறது. இந்தியாவின் மிகப் பெரிய தாமிரச் சுரங்கம் அதுதான்.

அங்கே கிடைக்கும் கல்லில் தாமிரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்குதான். மீதி 99 பங்கும் பெரும்பாலும் வெறும் பாறை. இவ்வளவு கல்லையும் உலையிலிட்டு உருக்கினால் எரிபொருள் செலவு என்னாவது? ஆகவே, உலைக்கு அனுப்பும் முன்பே தாதுத் துகளையும் பாறைத் துகளையும் பிரித்தாக வேண்டும்.

முதலில் கல்லை மாவைப்போல் அரைக்கிறார்கள். அதை நீருடன் கலந்து தொட்டிகளில் விட்டு, ஸாந்தேட் என்னும் வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஒரு டன் கல்லுக்குச் சில பத்து கிராம் போதும். ஸாந்தேட் மூலக்கூற்றின் ஒரு முனையில் கந்தகம் உள்ளது. அது தாமிர சல்ஃபைடு துகளைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை எண்ணெயின் இயல்புடையது, நீரை விரும்பாது. எனவே தாதுத் துகள் எண்ணெய் தேய்த்துக்கொண்ட தோளைப்போல் ஆகிவிடுகிறது. பாறைத் துகளோ நனைந்தபடியே இருக்கிறது.

அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் குமிழிகள் எழும்புகின்றன. நீரை வெறுக்கும் தாதுத் துகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து நுரையில் சேர்கிறது. நனைந்த பாறைத் துகள் அடியில் தங்கிவிடுகிறது. நுரையை வழித்தெடுத்து உலர்த்தினால் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு தாமிரமுள்ள செறிவூட்டிய தாது கிடைக்கும். நுரை மிதப்பு முறை எனப்படுவது இதுதான். பெளதிகப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சேர்கோணத்தின் வேலைதான் இது. சேர்கோணம் பெரிதாக இருந்தால் துகள் மிதக்கும். மிகச் சிறிதாக இருந்தால் மூழ்கும்.

மலைக்குள் ஏறிய களிம்பு

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. வீட்டிலுள்ள செம்புப் பாத்திரத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகிறது? பச்சை நிறத்தில் களிம்பு ஏறுகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும், கரியமில வாயுவும், ஈரமும் சேர்ந்து தாமிரத்தின் மேல் கார்பனேட் படலத்தை உண்டாக்குகின்றன.

மண்ணுக்கடியில் இருக்கும் தாதுவுக்கும் இதே கதிதான். சால்கோபைரைட் என்பது தாமிரம், இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த சல்ஃபைடு. மழைநீர் ஆக்ஸிஜனைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் இறங்குகிறது. நீண்ட நெடுங்காலம் இது தொடர, மேல்மட்டத்திலுள்ள சல்ஃபைடு ஆக்ஸிகரணம் அடைகிறது. கந்தகம் சல்ஃபேட்டாகிக் கரைந்து போகிறது. இரும்பு துருவாகி நின்றுவிடுகிறது. தாமிரத்தின் ஒரு பகுதி மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட்டாகவும், கிரைசோகொல்லா என்னும் நீலப்பச்சைச் சிலிகேட்டாகவும் மாறுகிறது. பாத்திரத்துக் களிம்பும் மாலகைட்டும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். தொழில்முறையில் இவற்றையெல்லாம் சேர்த்து ‘ஆக்ஸைடுத் தாது’ என்றே அழைக்கிறார்கள்.

ஆக, மேலே ஆக்ஸைடு, ஆழத்தில் சல்ஃபைடு. இடையில் இரண்டும் கலந்த பகுதி. மலஞ்சகண்டிலும் இந்த அடுக்குகள் உண்டு.

ஆக்ஸைடுத் துகள் நீரை மிகவும் விரும்புவது. ஸாந்தேட் அதன்மேல் உறுதியாக ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் பெயர்ந்துவிடுகிறது. எனவே அது மிதக்காமல் பாறைத் தூளுடன் கழிவுக் குட்டைக்குப் போய்விடும். முழுத் துகளும் மாறியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வெட்டிய சல்ஃபைடுத் தாதுவை வெகுநாள் மழையிலும் வெயிலிலும் குவித்து வைத்தால், அதன் மேற்பரப்பில் மட்டும் ஒரு படலம் ஏறும். உள்ளே நல்ல தாதுவாக இருந்தாலும் குமிழிக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே அல்லவா!

தலைகீழாக மாறிய கதை

இந்த விஷயத்தில் வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் என்னும் இடத்தில் 1883-இல் காரீயம், வெள்ளித் தாதுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மேலே இருந்த ஆக்ஸிகரணமடைந்த தாதுவை உருக்குவது எளிதாக இருந்தது. ஆழத்தில் சல்ஃபைடு வந்ததும் திண்டாட்டம் தொடங்கியது. காரீயமும் துத்தநாகமும் பின்னிப் பிணைந்திருந்தன. துத்தநாகத்தைப் பிரிக்க வழி தெரியாமல் மலைமலையாகக் கழிவில் கொட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிதப்பு முறை அங்கே தொழிலளவில் உருப்பெற்ற பிறகுதான் அந்தக் கழிவு மலைகள் செல்வமாயின. அதுவரை சல்ஃபைடு தொல்லை, ஆக்ஸைடு எளிது. அதன்பின் சல்ஃபைடு எளிது, ஆக்ஸைடு தொல்லை!

இரண்டும் கலந்தால் என்ன செய்வது?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, ஆக்ஸைடுக்குச் சல்ஃபைடு வேடம் போடுவது. முதலில் சல்ஃபைடுத் துகள்களை மிதக்கவிட்டு எடுத்துவிடுகிறார்கள். பிறகு எஞ்சிய குழம்பில் சோடியம் சல்ஃபைடைச் சேர்க்கிறார்கள். மாலகைட்டின் மேற்பரப்பில் தாமிர சல்ஃபைடு மெல்லிய போர்வையாகப் படிகிறது. இப்போது ஸாந்தேட் ஏமாந்து அதையும் பற்றிக்கொள்கிறது! ஆனால் அளவு மிக முக்கியம். சோடியம் சல்ஃபைடு கூடிவிட்டால் அதுவே ஸாந்தேட்டை ஒட்டவிடாமல் தடுத்துவிடும். எனவே சிறிது சிறிதாகச் சேர்த்து, மின்முனைகளால் அளந்தபடியே இருக்க வேண்டும்.

கிரைசோகொல்லா இந்த வேடத்துக்கும் எளிதில் மசிவதில்லை. அதற்கு இரண்டாவது வழி. களிம்பேறிய பாத்திரத்தைப் புளி போட்டு விளக்குகிறோம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது; உள்ளிருக்கும் செம்பைக் கரைப்பதில்லை. அதேபோல் நீர்த்த கந்தக அமிலத்தை ஆக்ஸைடுத் தாதுக் குவியலின்மேல் தெளித்தால் தாமிரம் மயில் துத்தக் கரைசலாக வடிந்து வருகிறது. அதிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு தூய தாமிரத்தைப் பிரிக்கலாம். ஆனால் சால்கோபைரைட் இந்த அமிலத்தில் எளிதில் கரையாது. இப்படி, ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றதற்குப் பொருந்தாததால்தான் கலப்புத் தாது பொறியாளர்களுக்குத் தலைவலி.

கந்தகத்தின் கணக்கு

செறிவூட்டிய சல்ஃபைடு உலைக்குப் போகிறது. மலைக்குள் யுகயுகமாக நடந்த ஆக்ஸிகரணம் அங்கே நொடிகளில் நடக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். சால்கோபைரைட்டில் எடைப்படி தாமிரம் 63.5 பங்கு, இரும்பு 56 பங்கு, கந்தகம் 64 பங்கு. அதாவது ஒரு டன் தாமிரத்துடன் ஏறத்தாழ ஒரு டன் கந்தகமும் வருகிறது. அது எரிந்தால் 2 டன் சல்ஃபர் டை ஆக்ஸைடு! காற்றில் விட்டால் மூச்சைத் திணறவைக்கும் நச்சு வாயு. பிடித்து மாற்றினால் சுமார் 3 டன் கந்தக அமிலம்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைச் சேர்கிறது. அந்தத் தூத்துக்குடியில் 1990-களில் தொடங்கிய ஸ்டெர்லைட் ஆலை, கப்பலில் வந்த செறிவூட்டிய தாதுவை உருக்கித் தாமிரமும் கந்தக அமிலமும் தயாரித்தது. காற்றும் நீரும் மாசுபடுவதாக மக்கள் நீண்ட காலம் போராடினர். 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க அனுமதி மறுத்தது. கந்தகத்தின் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

சுரங்கமும் உலையும் அருகருகே உள்ள சிலி போன்ற நாடுகளில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. சல்ஃபைடு உலையிலிருந்து பிடித்த கந்தக அமிலத்தைக் கொண்டே ஆக்ஸைடுத் தாதுவைக் கரைக்கிறார்கள். ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு மருந்தாகிறது.

கல்லைத் தின்னும் நுண்ணுயிர்

சுரங்கக் கழிவில் எஞ்சிய சல்ஃபைடும் சும்மா இருப்பதில்லை. மழையில் நனைந்து அமிலமாகக் கசிகிறது, ஓடைகளைக் கெடுக்கிறது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரை ஆராய்ந்த கோல்மர், ஹிங்கிள் ஆகியோர், இதை விரைவுபடுத்துவது ஒரு பாக்டீரியா என்று 1947-இல் காட்டினர். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்ஸிகரணம் செய்தே அது உயிர் வாழ்கிறது! இதே நுண்ணுயிரை வேலைக்கு அமர்த்தி, தாமிரம் குறைந்த கற்களைக் கரைக்கவும் முடியும். மலஞ்சகண்டின் தாழ்ந்த தரத் தாதுவைக் கொண்டு ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம் இத்தகைய ஆய்வுகளைச் செய்திருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு கிண்ணத்தில் நீர் எடுங்கள். தையல் ஊசியில் சிறிது எண்ணெய் தடவித் துடைத்து, முள்கரண்டியின்மேல் படுக்கவைத்து, மெதுவாக நீரில் இறக்குங்கள். இரும்பு ஊசி மிதக்கும்! பிறகு அதே ஊசியைச் சோப்பு போட்டு நன்கு கழுவி, நல்ல நீரில் அலசி, கைபடாமல் எடுத்து மீண்டும் முயலுங்கள். மிதக்கவைப்பது எவ்வளவு கடினமாகிறது என்று பாருங்கள். ஊசியின் எடை மாறவில்லை, நீரும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? ஊசியைத் தாதுத் துகளாக எண்ணிக்கொண்டு விடையை எழுதிப் பாருங்கள்.