பாறையில் ஏற நான்கரை மாதம் தடை

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் எல் கேப்பிடன் என்றொரு செங்குத்துப் பாறை இருக்கிறது. கயிறு கட்டி அதில் ஏற உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் பூங்காவின் சில பாறைப் பாதைகளில் ஏறத் தடை. காரணம், பொரி வல்லூறு.

இந்தப் பறவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறை விளிம்பிலுள்ள சரளையைக் காலால் கீறி, சின்னக் குழி பறித்து, அதிலேயே மூன்று நான்கு முட்டையிடும். ஆள் நெருங்கினால் பதறிப் பறந்துவிடும். முட்டையின் சூடு ஆறிப்போகும்.

டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் பறவையின் எடைகூடத் தாங்காமல் உடைந்த காலமும் உண்டு. 1972-ல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. 1978-ல் எல் கேப்பிடனில் மறுபடி ஒரு ஜோடி வந்திருப்பதைக் கண்டு சொன்னவர்கள் யார் தெரியுமா? பாறை ஏறுபவர்களேதான். 1999-ல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து இதன் பெயரை அமெரிக்கா நீக்கியது.

தடை வழக்கமாக ஜூலை நடுவில் முடியும். வல்லூறு தங்காத பாறை என்று உறுதியானால், அதை முன்னதாகவே திறந்துவிடுகிறார்கள்.